நார்மலுங்களா, பவருங்களா?

அவிநாசியிலிருந்து சேவூர் வழியாகப் புளியம்பட்டி போகும் சாலையில் ஓடுகிற சின்ன கார்களில் பாதி வேலைக்காரக் கார்கள். பின்சீட்டை மடக்கிப் பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு திருப்பூர் போய்வரும். விடுமுறை வந்தால் அதே கார் குடும்பத்தோடு பண்ணாரிக்குக் கிளம்பும். பங்க்கில் நிறுத்தினால் கேள்வி தயாராக இருக்கும்: "நார்மலுங்களா, பவருங்களா?" இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு, இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95 எல்லாமே அந்த இரண்டாவது வகைதான். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். அதில் கொஞ்சம் வரி: பிராண்டு பெயரில் விற்கும் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரியே சற்று அதிகம்.

கூடுதல் காசுக்குக் கிடைப்பவை இரண்டு: ஆக்டேன், கழுவும் மருந்து.

ஆக்டேன் கூடினால் இழுவை கூடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. அது அளப்பது வேறொன்றை. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும்போது, பிளக் மூட்டிய தீ பரவி வருவதற்குள் ஒரு மூலைக் கலவை தானாகவே வெடித்தால் 'டிக் டிக்' என்று தட்டும். அந்த நாக்கிங்கை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதுதான் ஆக்டேன் எண். 95 போட்டதால் லிட்டருக்குள் இருக்கும் வெப்பம் கூடிவிடாது. 91 போதும் என்று வடிவமைத்த ஆல்ட்டோவுக்கோ வேகன்ஆருக்கோ, தட்டாத இன்ஜினுக்குத் தட்டாமல் இருக்க மருந்து கொடுப்பதில் என்ன லாபம்?

கணக்கும் அதையே சொல்கிறது. நார்மல் 101 ரூபாய், பவர் 109 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் பவரில் 19.4 தந்தால்தான் போட்ட காசு திரும்பும். டயரில் காற்றைச் சரியாக வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிப்பவருக்கு அந்த வித்தியாசம் இலவசமாகவே கிடைக்கக்கூடும்.

இந்த ஒப்பீட்டையே எத்தனால் கலைத்துப் போட்டிருக்கிறது. சாதாரண பெட்ரோலின் பழைய 88 ஆக்டேன் பின்னாளில் 91 ஆனது. 20 சதவீத எத்தனால் சேர்ந்தபின் சாதாரண பெட்ரோலே 95ஐத் தொட்டுவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. எத்தனாலின் சொந்த ஆக்டேன் நூற்றுக்கும் மேல் என்பதால் இது நம்பக்கூடியதே. அப்படியானால் 95 என்ற எண்ணுக்காகவே பவர் போடுகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? எத்தனாலைத் தவிர்க்கலாம் என்று நினைத்துப் போடுகிறவர்களும் உண்டு. எக்ஸ்பி95இலும் எத்தனால் கலந்தே வருகிறது. எத்தனாலில் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும் என்ற புகார் நியாயம்தான், ஆனால் பங்க்கில் குழாயை மாற்றிப் பிடித்தால் அது தீராது. எத்தனால் இல்லாதது எக்ஸ்பி100. 2020 டிசம்பரில் டெல்லியில் அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய். சூப்பர் பைக் வைத்திருப்பவர் பாடு அது.

கழுவும் மருந்தை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். இன்ஜெக்டரில் படியும் பிசுக்கை அது குறைக்கும். அவிநாசிக்கும் சேவூருக்கும் இடையே குறுகிய ஓட்டமாகவே ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படும் காருக்கு எப்போதாவது ஒரு டேங்க் போடுவதில் தப்பில்லை. மாதாமாதம் போடுவது வீண்.

சத்தியமங்கலம் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகளுள்ள திம்பம் மலைப்பாதையில் ஆள் நிறைந்த பழைய கார் தட்டத்தான் செய்யும். பெரும்பாலும் அது மூன்றாவது கியரிலேயே ஏற்றப் பார்ப்பதால் வருவது. இரண்டுக்கு இறக்கினால் தட்டல் நின்றுவிடும். இறக்கியும் தட்டினால் கார்பன் படிந்திருக்கிறதா என்று மெக்கானிக் பார்க்கட்டும்.

டர்போ வைத்த ஒரு லிட்டர் இன்ஜின் கார்களுக்கு மட்டும் கணக்கு மாறலாம். அங்கே அழுத்தம் அதிகம். நாக்கிங் வந்தால் சென்சார் உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். கோடை மதியத்தில் ஏசி போட்டு மலை ஏறும்போது 95 அங்கே உதவும். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ கையேட்டிலோ 95 என்று கேட்டிருந்தால், சாதாரணமும் 95ஐத் தொடலாம் என்றாலும், சந்தேகமில்லாமல் இருக்க ஏழெட்டு ரூபாயைப் பார்க்க வேண்டாம். 91 என்றிருந்தால், "நார்மலே போடுங்க".