பொறுத்தல் என்ற சொல்

விருத்தாசலம் என்றால் இன்று வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் ஞாபகம் வருகிறது. மின்சாரக் கம்பிகளுக்கு வேண்டிய பீங்கான் சாமான்கள், பொம்மைகள், கார்த்திகைக்கு அகல் விளக்குகள் எல்லாம் இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து போகின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது, மேலே கிடக்கும் மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பூமியைத் தோண்டிப் பிழைக்கிற வட்டாரம் இது.

ஆனால் ஊரின் பழைய பிரசித்தி வேறு. இதற்கு விருத்தகாசி என்று ஒரு பெயர் உண்டு. இங்கே உயிர் விடுகிறவர்களுக்குப் பெரியநாயகி தன் முந்தானையால் விசிற, பழமலைநாதர் காதில் மந்திரம் ஓதுவார் என்பது ஐதிகம். காசிக்குப் போக முடியாதவர்கள் மணிமுத்தாற்றில் முழுகினார்கள். ஆகவே, பாவம் எப்படித் தொலையும் என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

அதே கேள்விக்கு வேறொரு பதிலை எடுத்துக்கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் இத்தாலியர் இந்தப் பக்கம் வந்தார். 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார்தான் அவர்; நாம் வீரமாமுனிவர் என்று சொல்கிறோம். விருத்தாசலத்துக்கு அருகே உள்ள கோணான்குப்பத்தில் அவர் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். மாதாவின் திருநாமம் பெரியநாயகி. விருத்தாசலத்து அம்மன் பெயரும் அதுதான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோயிலைப் பற்றி ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. முனிவர் மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தபோது, மாடு மேய்க்கும் சிறுவர்கள் அவரிடமிருந்த மாதா சிலையை எடுத்துப் புதரில் ஒளித்துவிட்டார்களாம். பிள்ளையில்லாத முகாசாபரூர்க் கச்சிராயர் கனவு கண்டு சிலையைக் கண்டெடுத்தாராம். சிலை கிடந்த இடத்திலேயே கோயில் எழுந்தது என்கிறார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த சங்கதி, சிறுவர்களை யாரும் தண்டித்ததாகச் சொல்லாததுதான். குற்றம் நடந்த இடமே கும்பிடும் இடமாயிற்று.

கிறிஸ்தவர்களின் மன்னிப்பைப் பற்றி நம்மவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பதுண்டு. கடவுள் சர்வ வல்லமை உடையவர் அல்லவா? "போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? சிலுவை எதற்கு? ஒருவன் செய்த பாவத்துக்கு இன்னொருவன் சாவது என்ன தர்மம்? வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது இடறத்தான் செய்யும். இதைக் குதர்க்கம் என்று தள்ளக்கூடாது.

பதிலுக்கு நான் வேத சாஸ்திரிகளிடம் போவதற்கு முன்னால் தமிழ்ச் சொல் ஒன்றைப் பார்க்கிறேன். பழைய கத்தோலிக்க ஜபங்களில் பாவத்தை 'மன்னிக்க' வேண்டும் என்று வராது. 'பொறுக்க' வேண்டும் என்றே வரும். பொறுத்தல் என்றால் மன்னித்தல்; பொறுத்தல் என்றால் சுமத்தல். பிழையைப் பொறுக்கிறோம், பாரத்தையும் பொறுக்கிறோம். இரண்டும் நமக்கு ஒரே சொல்.

எபிரேய மொழியிலும் இதே விசேஷம் இருக்கிறது. 'நாசா' என்ற வினைச்சொல் தூக்குதல், சுமத்தல், மன்னித்தல் மூன்றையும் குறிக்கிறது. யூதர்களின் பிராயச்சித்த நாளைப் பற்றி லேவியராகமத்தில் ஒரு சடங்கு சொல்லப்படுகிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமேல் ஆசாரியன் கை வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிடுவான். அது அவற்றைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போய்விடும். அங்கே வரும் சொல்லும் நாசாதான். பாவம் காற்றில் கரைந்து போவதில்லை. யாரோ ஒருவர் தலையில் ஏறுகிறது.

கடனை எடுத்துக்கொள்வோம். புராட்டஸ்டண்டு வேதாகமத்தின் தமிழில், ஏசு கற்பித்த ஜபம் பாவத்தைக் கடன் என்றே சொல்கிறது. எனக்கு நூறு ரூபாய் தரவேண்டியவனைப் பார்த்து, "வேண்டாம், போ" என்கிறேன். அவனுக்குச் சுமை இறங்கிற்று. ஆனால் அந்த நூறு ரூபாய் மாயமாகிவிடவில்லை. என் பெட்டியில் நூறு ரூபாய் குறைந்திருக்கிறது. மன்னிப்புப் பெறுகிறவனுக்கு அது இனாம், கொடுக்கிறவனுக்குச் செலவு.

இங்கிலாந்தில் அத்தியட்சராக இருந்த அன்செல்ம், 1098 வாக்கில் முடித்த ஒரு நூலில், கடவுள் ஏன் மனிதனானார் என்று இந்தக் கடன் கணக்கை வைத்தே விசாரித்தார். அடுத்த தலைமுறையில் பாரிஸ் நகரத்து அபெலார் அதை மறுத்து, சிலுவை கணக்குத் தீர்ப்பதற்கல்ல, அன்பைக் காட்டி மனிதன் மனத்தைத் திருப்புவதற்கே என்றார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் இரு தரப்பாரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். சிலுவையில் தொங்கியவர் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் என்றால் அது அநியாயந்தான். கடன் கொடுத்தவரே நஷ்டத்தைத் தம் மேல் போட்டுக்கொண்டார் என்றால்தான் அந்தக் கதைக்கு அர்த்தம் உண்டு. ஏசுவைக் கடவுள் என்று நம்பாதவர்களும் இந்த வாதத்தின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளலாம்.

இனி, செலவு முழுதும் கொடுக்கிறவனுக்கு என்றால், பெறுகிறவன் சும்மா இருக்கலாமா? தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வெளியான தம்பிரான் வணக்கம். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளாரின் இன்னொரு நூல் 1580-ல் கொச்சியில் அச்சாயிற்று. பாவத்தை எப்படி அறிக்கையிடுவது என்று முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லும் கையேடு அது. அச்சுக்கூடம் வந்த இரண்டு வருஷத்துக்குள் அப்படி ஒரு நூல் அவசியமாகப் பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தலைப்பே போர்த்துக்கீசியச் சொல். பிற்பாடுதான் பாவசங்கீர்த்தனம் என்ற சொல் நிலைபெற்றது. மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பிறகு உத்தரித்தல் என்று அந்தத் திருச்சபை படி வகுத்திருக்கிறது. திருடியவன் அழுதால் மட்டும் போதாது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சுவிசேஷத்தில் வரும் சகேயு என்ற ஆயக்காரன், ஏசு தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்கிறான். கொடுத்து மன்னிப்பு வாங்கவில்லை; மன்னிப்புக் கிடைத்ததனால் கொடுத்தான்.

நாம் வாழும் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1999 ஜனவரி 22-ந் தேதி இரவு, ஒரிஸாவில் மனோகர்பூர் கிராமத்தில், குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்துவந்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸும், அவருடைய பிள்ளைகள் பத்து வயது பிலிப்பும் ஆறு வயது திமொத்தேயுவும், வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறிவிடவில்லை. 2004 வரை பாரிபதாவில் இருந்து அந்தக் குஷ்டரோகிகளையே பார்த்துக்கொண்டார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அந்த அம்மாள் தம் பங்கை மட்டுமே மன்னித்தார். ராஜாங்கத்தின் கடமையை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க அவருக்கு அதிகாரமும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அடிபட்டவனைப் பார்த்து, "மன்னித்துவிடு, அதுதான் பெருந்தன்மை" என்று மூன்றாம் மனிதர்கள் உபதேசிப்பதை நாம் தினம் பார்க்கிறோம். கடன் கொடுக்காதவன் கடனைத் தள்ளுபடி செய்கிற தர்மம் அது. சுமக்கப் போகிறவன்தான் பொறுக்கிறேன் என்று சொல்லலாம்.

வீரமாமுனிவர் 1730-ல் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். பொறையுடைமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தன்னைத் தோண்டுகிறவனைத் தாங்கி நிற்கும் நிலத்தை வள்ளுவர் காட்டுகிறார். சிலுவையைப் பற்றி நித்தியம் பேசிவந்த துறவி அந்த இடத்தில் சற்று நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பூமி தோண்டுகிறவனிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. கிறிஸ்தவ மன்னிப்போ அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேறு மனிதனாக எழுந்து வருவதற்காகக் காத்திருக்கிறது.

தாங்குகிற பூமியிலும் குழி விழாமல் இல்லை. உயிர்த்தெழுந்த ஏசுவின் கைகளில் ஆணித் தழும்பு அப்படியே இருந்ததாக யோவான் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்றவர், நம் மயிலாப்பூருக்கு வந்ததாகச் சொல்லப்படும் தோமையார். கொன்றவர்களை மன்னித்த பிறகும் காயத்தின் அடையாளம் போகவில்லை. மன்னித்தவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டு அவன் எதிரே தைரியமாக நடமாடுகிறவர்கள், தோமையாரைப் போல ஒருமுறை அந்தத் தழும்பைப் பார்ப்பது நல்லது.