துளையினூடே வந்த ஒளி

சப்பாத்துப் பெட்டியொன்றில் ஊசியால் துளையிட்டு, எதிர்ப்பக்கத்தை வெட்டி எண்ணெய்த்தாள் ஒட்டினோம். தலையைத் துணியால் மூடிப் பார்த்தபோது முற்றத்து மாமரம் தலைகீழாய்த் தெரிந்தது.

“கமராவைக் கண்டுபிடித்தது நாங்கள்தானே சேர்?” என்றான் ஒரு மாணவன். மேடைகளில் நாம் சொல்வதுதான். அச்சொல்லே அரபு என்பாரும் உளர். அது கிரேக்கம்வழி வந்த இலத்தீன். ‘கமரா ஒப்ஸ்கியூரா’ என இருட்டறைக்குப் பெயரிட்டவர் கெப்லர், 1604இல். துளைவழி விழும் தலைகீழ் உருவைச் சீனத்து மோசியின் வழிவந்தோர் கிறிஸ்துவுக்கு முன்பே குறித்துவைத்தனர்.

பஸறாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் செய்தது வேறு. துளைக்கு முன்னால் பல விளக்குகளை வைத்தார். உள்ளே அத்தனை ஒளிப்பொட்டுகள். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. துளையில் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் நிறுவினார்.

முன்னோர் கூற்றையும் சோதித்தே ஏற்றவர் அவர். அவர் பெருமையை நாம் சோதியாமல் பேசலாமா?