வீட்டுக்குள் வந்த கரும்பழுப்பு

திருவண்ணாமலை போன்ற கோயில் ஊர்களில் பழைய ஓட்டு வீடுகளின் கூடத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். சுவரின் மேல் பகுதி வெள்ளை. கீழே இடுப்பு உயரம் வரை காவி அல்லது கரும்பழுப்பு. இது வெறும் அழகுக்காகவா? இல்லை. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்பவர்களின் தலை எண்ணெய், குழந்தைகளின் கை அழுக்கு, வாசல் கழுவும்போது தெறிக்கும் சேறு எல்லாம் படுவது கீழ்ப் பகுதியில்தான். கறை அங்கே தெரியக் கூடாது. மேலே உள்ள வெள்ளைச் சுண்ணாம்போ ஓட்டு வீட்டின் குறைந்த வெளிச்சத்தை அறை முழுவதும் பரப்பியது.

இந்த நிறங்களுக்கு மூலம் இரும்பு. மண்ணில் இரும்பு ஆக்சைடு இருந்தால் மஞ்சள், சிவப்பு நிறங்கள் கிடைக்கும். மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறி சிவப்பாகிவிடும். கூடவே மாங்கனீசும் இருந்தால் கரும்பழுப்பு. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் உள்ள பாறை ஓவியங்கள் செங்காவியில் வரையப்பட்டவை. சுவருக்குக் காவி பூசும் பழக்கத்தின் வேர் அவ்வளவு பழையது! திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்தி, வேடியப்பன் மலைகளிலும் இரும்புத் தாது இருக்கிறது. அதை வெட்டி எடுக்கும் திட்டம் வந்தபோது சுற்று வட்டார மக்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

கதவுக்கும் உத்திரத்துக்கும் கரும்பழுப்பு வேறு வழியில் வந்தது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசினால் மரம் கருத்துவிடும். கரையானும் எளிதில் அண்டாது. முந்திரி நம் ஊர் மரமல்ல. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலில் இருந்து கொண்டு வந்தது.

20-ம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1925-ல் ஜெர்மனியில் லாக்ஸ் என்பவர் இரும்பு ஆக்சைடு நிறமிகளைத் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரிக்க வழி கண்டார். சிமென்ட்டுடன் ரெட் ஆக்சைடு கலந்த வழவழப்பான தரைகள் வீடுகளுக்கு வந்தன. பிறகு டின்னில் அடைத்த எனாமல் பெயின்ட் வந்தது. கதவு, ஜன்னல் என்றாலே 'சாக்லேட் கலர்' என்றானது.

இங்கேதான் ஒரு சிக்கல். எனாமல் பெயின்ட் சீக்கிரம் காயவும் நிறம் பளிச்சென்று இருக்கவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கு ஈயம்தான் இருக்கலாம் என்ற விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் எத்தனையோ கதவுகளில் இருக்கிறது. அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடெங்கும் பரவும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும். முகக்கவசம் அவசியம். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

இப்போது ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் டார்க் பிரவுன் அடிப்பது நாகரிகமாகிவிட்டது. நான்கு சுவருக்கும் அடித்தால் பகலிலேயே விளக்கு போட வேண்டி வரும். அடர் நிறத்தை அளவோடு கீழே வைத்து, வெளிச்சத்துக்கு மேலே இடம் விட்ட அந்தப் பழைய கூடத்தின் கணக்கு இன்றைக்கும் பொருந்துகிறது.