கொண்டல் காற்றும் பாதித் தலையும்

அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, தியசாபிகல் சொசைட்டி என்னும் பிரம்மஞான சபையின் தோப்புக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் நடுவில் ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. சேர்த்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்பார்கள். பெயரில் உள்ள ஒல்காட், அமெரிக்கக் கர்னலாக இருந்து பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி ஸ்டீல் ஒல்காட். 1882 டிசம்பரில் சபையின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர். 1894 முதல் இந்தப் பகுதியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தியவர். பள்ளிக்கூடத்தை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அவர் சில காலம் நோய் தீர்ப்பவராகவும் இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அடையாற்றுக்குக் குடிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு அது தொடங்கியது. 1882 ஆகஸ்டில் ஒல்காட் இலங்கையில் பௌத்தப் பள்ளிகளுக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். களனி அருகே ஒரு கிணற்று நீர் நோய் தீர்க்கிறது என்று கத்தோலிக்கர் தரப்பில் பேச்சு பரவிய நேரம். காலி நகரில் நிதி கொடுக்க வந்த ஒருவருக்கு ஒரு கையும் காலும் விளங்கவில்லை. ஒல்காட் அவர் உடலின்மேல் கைகளை மேலிருந்து கீழாக வருடி விட்டார். மெஸ்மரிசம் என்று அதற்குப் பெயர். அந்த மனிதர் தேறினார் என்ற செய்தி ஊர் ஊராகப் பரவியது. அடுத்த ஆண்டு வங்காளத்திலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டின் இறுதியில் தம் குருமார்களின் கட்டளை என்று சொல்லி அதை நிறுத்திக்கொண்டார்.

வருடல் பக்கவாதத்தைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவம் சான்று தரவில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்த ஒன்றை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பெரிய மனிதர் எதிரில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கை வைத்தார். நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களுக்கு இது அபூர்வமாகவே வாய்க்கும். வெளியே காயமோ வீக்கமோ எதையும் காட்டாத ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கோ அநேகமாக வாய்ப்பதே இல்லை.

கைதொட்டுத் தீர்ப்பவரிடம் ஒற்றைத் தலைவலிக்காரர் போன கதை ஒன்று இங்கிலாந்தில் உண்டு. ஆன் கான்வே 1631இல் பிறந்தவர். 12 வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கிய தலைவலி 1679இல் இறக்கும்வரை அவரை விடவில்லை. இரத்த ஓட்டத்தைக் கண்டு சொன்ன வில்லியம் ஹார்வி பார்த்தார், தாமஸ் வில்லிஸ் பார்த்தார். 1656இல் மண்டை ஓட்டைத் துளைத்துக்கொள்ளப் பாரிஸ் வரை போனார். மருத்துவர்கள் துளைக்கத் தயங்கிக் கழுத்து இரத்தக் குழாயைத் திறந்து இரத்தம் வடித்து அனுப்பினார்கள். 1666இல் அயர்லாந்திலிருந்து வேலன்டைன் கிரேட்ரேக்ஸ் என்ற கைராசிக்காரர் வரவழைக்கப்பட்டார். ஊரில் வேறு பலருக்குத் தேவலை ஆயிற்று, கான்வேக்கு ஆகவில்லை. இருட்டறையில் கிடந்த அந்தப் பெண் தத்துவம் எழுதினார். உடலும் உயிரும் வெவ்வேறு பொருள்கள் அல்ல என்று வாதிட்ட அவருடைய நூல் 1690இல், அவர் இறந்த பிறகு, ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது.

அடையாற்றுக்குத் திரும்புவோம். 1909இல் சபையின் வளாகத்தை ஒட்டிய ஒரு பழைய வீட்டில் நாராயணையா என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர் தம் பிள்ளைகளோடு குடியிருந்தார். கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய மகன் ஒருவனை, சபையின் முன்னணியாளர்களில் ஒருவரான லெட்பீட்டர் பார்த்து, உலக குருவாகப் போகிறவன் இவன்தான் என்றார். அந்தப் பையன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1922 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில், 27 வயதில் அவருக்குப் பிடரியில் கடும் வலி வந்தது. உடல் எரிகிறது என்று முனகினார், நினைவு தவறினார். தம்பி நித்யா அதை விவரமாக எழுதி வைத்தார். தலையிலும் முதுகுத்தண்டிலும் அந்த வலி பல ஆண்டுகள் வந்துபோனது. 1961இல் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பிலும் அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதை ஒற்றைத் தலைவலி என்று முத்திரை குத்த யாரிடமும் ஆதாரம் இல்லை. சுற்றியிருந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அது ஆன்மிகப் படிநிலை மாற்றம் என்றார்கள், அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள், பக்கத்தில் விழித்திருந்தார்கள், ஒவ்வொரு நாளையும் பதிவு செய்தார்கள்.

அதே கடற்கரையில், அதே காலத்தில், மீன் கூடையைச் சுமந்து நடந்த பெண்களுக்கும் தலை வலித்திருக்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைக்காவிட்டாலும் அவர்கள் வேலையின் அமைப்பு நிறையச் சொல்கிறது. கரையில் மீன் குறைந்த நாளில் விடியுமுன் எழுந்து காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் எடுத்துவர வேண்டும். பழைய துணியை முறுக்கி வட்டமாகச் சுற்றிச் சும்மாடு ஆக்கி, உச்சியில் வைத்து, அதன்மேல் அன்னக்கூடை. பனிக்கட்டி உருகிய மீன் தண்ணீர் கூடை விளிம்பில் கசிந்து நெற்றியில் வழியும். கழுத்துத் தசைகள் கம்பிபோல் விறைத்து நிற்கும். தெருத் தெருவாகக் கூவி விற்று முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அதுவரை வயிற்றில் ஒரு டீதான். தூக்கக் குறைவு, பட்டினி, வெயில், கண்கூச்சம், நெடி, கழுத்து இறுக்கம் என்று இன்றைய நரம்பியல் மருத்துவர் தவிர்க்கச் சொல்லும் எல்லாமே அந்த ஒரு காலைப்பொழுதில் வந்துவிடுகின்றன. இப்போது தலைச்சுமை குறைந்து ஷேர் ஆட்டோவும் பிளாஸ்டிக் டப்பும் வந்துவிட்டன. விடியுமுன் எழுவதும் வெயிலும் மாறவில்லை.

பழைய மருத்துவ நூல்களுக்கு இந்தப் பட்டியல் தெரிந்தே இருந்தது. பாதித் தலையில் ஆயுதத்தால் பிளப்பதுபோல் வரும் வலியை சரக சம்ஹிதை அர்த்தாவபேதகம் என்கிறது. அளவுமீறிய உழைப்பு, உடலின் வேகங்களை அடக்குதல், பனி ஆகியவற்றோடு கீழைக் காற்றையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறது. கிழக்கே கடல் உள்ள கரையில் கொண்டல் என்னும் கீழைக் காற்றிலிருந்து எங்கே ஓடுவது? கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றின் பெயரை வைத்தே வலை வீசுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் இந்தக் குப்பத்து மக்கள். சூரியன் ஏற ஏற ஏறி, சாய்ந்ததும் தணியும் தலைவலிக்கு சூரியாவர்த்தம் என்று தனிப்பெயரே இருக்கிறது.

வீட்டு வைத்தியமும் கைவசம் இருந்தது. சுக்கைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, இரும்புக் கரண்டியில் இளஞ்சூடாக்கி, நெற்றிப்பொட்டில் பற்றுப் போடுவார்கள். காயக் காயத் தோல் இழுக்கும், எரியும். அந்த எரிச்சலில் உள்ளே இடிக்கும் இடி கொஞ்சம் மறக்கும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது, நீர்க்கோவை மாத்திரையை இழைத்துத் தடவுவது, புடவைத் தலைப்பால் மண்டையை இறுகக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது எல்லாம் உண்டு. விரலி மஞ்சளைச் சுட்டு புகை பிடிக்கச் சொல்வதும் உண்டு. வாசனையே ஆகாத ஒற்றைத் தலைவலிக்காரருக்கு அது தண்டனைதான். எதற்கும் மசியாவிட்டால் கண்ணு பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள்.

தலைவலிக்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது ஆற்றுக்கு அக்கரையில், மயிலாப்பூரில். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கி, 1914 வாக்கில் தொழிலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தொடக்க நாட்களில் இசைக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துத்தான் அந்த மஞ்சள் தைலத்தைப் பழக்கப்படுத்தினார்கள். அந்த லாபத்தில் அவர் ஆந்திர பத்திரிகை நாளிதழை நடத்தினார், விடுதலைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். 1937இல் ஆந்திரத் தலைவர்கள் ஸ்ரீபாக் உடன்படிக்கை செய்துகொண்டது லஸ்ஸில் இருந்த அவர் வீட்டில். அங்கே அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. தலைவலி ஒரு நகரத்துக்கு நாளிதழும் பூங்காவும் தந்தது என்று சொன்னால் மிகையில்லை. சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பெட்டியில் கோடாலித் தைலம் வந்தது. அது 1928இல் அங்கே தொடங்கிய சரக்கு. இந்தத் தைலங்களில் உள்ள மெந்தால் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. நோயை அது தொடுவதில்லை. ஆனால் மனிதருக்கு ஒரு பத்து நிமிடம் கிடைக்கிறது, தடவிவிடும் கை ஒன்றும் கிடைக்கிறது.

தைலத்துக்குப் பிறகு மாத்திரை வந்தது. பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் ஒன்றை டீயோடு போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினால் அன்றைய பிழைப்பு ஓடிவிடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, அல்லது பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ என்று 3 மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கலாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு என்று 3 மாதம் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாள்பட்டது என்கிறார்கள். நாளுக்கு ஒன்றாய் மாத்திரை போடுகிற பலர் தாங்கள் எப்போது அந்த எல்லையைக் கடந்தோம் என்பதை அறிவதில்லை.

மருத்துவமும் நீண்ட காலம் நோயாளியின் பக்கம் நிற்கவில்லை. நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஹரால்ட் வுல்ஃப் 1937இல் ஒற்றைத் தலைவலிக்காரர்களின் குணாதிசயம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு சித்திரம் அதிலிருந்து கிளம்பிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. வுல்ஃபுக்கே அந்த நோய் இருந்தது என்பது வருத்தமான செய்தி. உன் குணத்தால் வந்தது என்று சொல்வதும் கண்ணு பட்டது என்று சொல்வதும் நோயாளியை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. இரண்டாவதிலாவது பழி அடுத்தவர் மேல்.

1980களின் இறுதியில் லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி போன்றோரின் ஆய்வுகள் கணக்கை மாற்றின. வலி வரும் நேரத்தில் தலையின் முக்கிளை நரம்பிலிருந்து சிஜிஆர்பி என்ற ஒரு புரதத்துணுக்கு வெளிப்படுகிறது என்று காட்டினார்கள். 2018இல் அதைத் தடுக்கும் ஊசிமருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது விலை அதிகம். ஆனால் தடுப்புக்குப் பல காலமாகப் பயன்படும் புரோபிரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை மலிவானவை, அரசு மருத்துவமனை மருந்தகத்துக்குப் பழக்கமானவை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து. அது தெரிந்ததும், எனக்கென்ன பைத்தியமா என்று சீட்டைக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நடிக்கிறாள், வேலைக்குச் சோம்பல், எல்லாம் மனப்பிரமை என்று வருஷக்கணக்காகக் கேட்ட காதில், மருத்துவரும் அதையே சொல்வதுபோல் விழுகிறது.

மனப்பாரம் வேறு வழியாகவும் ஏறுகிறது. வலி இல்லாத நாளிலும் எப்ப வருமோ என்ற பயம் இருக்கும். கல்யாணத்துக்குப் போனால் மேளச் சத்தத்தில் வந்துவிடுமோ, ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று யோசித்து யோசித்து வீட்டோடு இருந்துவிடுவார்கள். பிள்ளையைச் சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டு இரவில் அழுவார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பழமொழி வைத்திருக்கும் சமூகத்தில் தனக்கு வராதவர்கள்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்பும் அதிகம். எனவே ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் இரண்டுமே தீராது.

இது சிலருக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களிடம் வீடு வீடாகக் கேட்டபோது, ஓராண்டில் நாலில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது. பெண்களிடம் இன்னும் கூடுதல். 2016ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கில், மனிதரை முடக்கி வைக்கும் நோய்களில் அது இரண்டாம் இடம்.

தமிழகக் கடற்கரைக்கு மனநலப் பணியாளர்கள் பெருவாரியாக வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமி அடித்த ஊர்களில் உள்ளூர் ஆட்களையே பயிற்றுவித்து வீடு வீடாகப் பேசச் சொன்னார்கள். அழுகையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் ஒருவர் வாசலில் உட்கார்ந்து கேட்பது பல குடும்பங்களுக்குப் புதிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. பிரஷர் பார்க்க வரும் அதே ஊழியர், மாதத்தில் எத்தனை நாள் தலை வலிக்கிறது, எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ள முடியும். கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது.

தலைவலி மருத்துவர்களிடம் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. கடந்த 3 மாதத்தில் தலைவலியால் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பது முதல் கேள்வி. மீன் விற்கும் பெண் அதற்குப் பூஜ்யம் என்றுதான் சொல்வார். போகாவிட்டால் வட்டிக்கு வாங்கிய ஏலப் பணம் நிற்கும், மீன் கெடும். இரண்டாவது கேள்வி, வேலைக்குப் போன நாட்களில் எத்தனை நாள் பாதி வேலைகூட ஓடவில்லை என்பது. வீட்டு வேலைக்கும் அதேபோல் இரண்டு கேள்விகள், சொந்தபந்தத்தோடு இருக்க முடியாமல் போன நாட்களுக்கு ஒன்று. முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டால் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் தலைவலியே இல்லை என்று கணக்கு வரும். இரண்டாவதிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.