ஓபர்லின், ழான் ஃபிரெடெரிக் (1740–1826)

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் வோஜ் மலைக் கிராமங்களில் 59 ஆண்டுகள் பணியாற்றிய லூத்தரன் போதகர். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்த இவர், 1767இல் வால்டர்ஸ்பாக் ஊருக்குக் குருவாக வந்தார். பான் டி லா ரோஷ் எனப்படும் அப்பகுதி மண்வளமற்றது. ஒழுங்கான சாலை இல்லாததால் மக்கள் சந்தைக்குப் போகவே திண்டாடினர்.

ஓபர்லின் சாலை போட அழைத்தபோது ஊரார் தயங்கினர். அவரே கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையை உடைக்கக் கிளம்பிய பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டனர். ப்ரூஷ் ஆற்றுக்குப் பாலமும் அமைந்தது. நல்ல உருளைக்கிழங்கு விதை, ஆளி சாகுபடி, எருவிடும் முறை, கடன்நிதி ஆகியவற்றையும் அவர் கொண்டுவந்தார். திடப்படுத்தல் என்னும் சபைச் சடங்கைப் பெறவிருந்த இளையோர் மரம் நட்டாக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. பிரசங்கத்தையும் கலப்பையையும் அவர் ஒரே ஊழியமாகக் கண்டார். அவரது தனிச்சிறப்பு இதுவே.

அவருடைய பணிகளில் மிக நெடிய பயன் தந்தது குழந்தைக் கல்வி. பெற்றோர் வயலுக்குப் போனபின் சிறுவர்களைக் கணப்புள்ள அறையில் கூட்டி, பின்னல் வேலை, பாட்டு, விவிலியக் கதை, செடிகொடிகளின் பெயர் ஆகியவற்றைப் பெண்கள் கற்பித்தனர். சாரா பான்ஸே, லூயிஸ் ஷெப்லர் ஆகியோர் இதன் உயிர்நாடிகள். பிற்கால மழலையர் பள்ளிகளின் முன்னோடி இது.

மனநலம் குன்றிய எழுத்தாளர் லென்ஸ் 1778இல் சில வாரங்கள் இவர் வீட்டில் தங்கினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஓபர்லின் 1794இல் கைதாகி விரைவில் விடுதலையானார். 1826இல் இறந்த அவர் உடல் ஃபூதே ஊரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. வால்டர்ஸ்பாக்கில் அவர் பெயரில் அருங்காட்சியகம் உள்ளது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியும் (1833) அவர் பெயரைத் தாங்கியது.