சோளமும் பூஞ்சாணமும்: அரபிக்கடலின் இரு கரைகளில் ஒரு பயிரின் நோய் வரலாறு

அரபிக்கடல் வணிகத்தின் வரலாறு மிளகையும் முத்தையும் குதிரையையும் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தானியம் அதில் அருகியே இடம்பெறுகிறது. தானியத்தைப் பற்றும் நோய்க்கு இடமே இல்லை. இக்கட்டுரை சோளத்தின் பூஞ்சாண நோய்களை அவ்வரலாற்றின் சான்றுகளாக எடுத்துக்கொள்கிறது. எந்த நோயை விதை சுமந்து சென்றது, எதை நிலமும் மழையும் பிடித்து நிறுத்தின என்பதே நம் கேள்வி.

சோளம் கிழக்குச் சூடானில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில் பயிராகத் தொடங்கியிருந்தது. இடைவழியில் அரேபியா உள்ளது. அபுதாபி அமீரகத்தின் அல் ஐனை அடுத்த ஹீலி 8 என்னும் அகழ்விடத்தில் சோளத்தின் தடயம் கிடைத்ததாகக் கிளூசியூவும் கொஸ்தாந்தினியும் அறிவித்தனர். அவ்வடையாளத்தைப் பின்வந்த தொல்தாவரவியலார் பலர் ஐயுற்றனர். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் யேமனிலும் ஓமனிலும் சோளம் நெடுங்காலம் வேரூன்றிய பயிர் என்பதில் கருத்து வேறுபாடில்லை. அரபியில் அதன் பெயர் துரா. அமெரிக்காவிலிருந்து புதிய தானியம் வந்தபோது எகிப்தியர் அதனைச் ‘சிரியத் துரா’ என்றனர். தமிழர் ‘மக்காச்சோளம்’ என்றனர். இரு மொழிகளும் அந்நியத் தானியத்தைச் சோளத்தின் பெயராலேயே அடையாளம் கண்டன. இரண்டுமே அதன் பிறப்பிடத்தைத் தவறாகச் சொல்கின்றன.

நம் உழவர் நன்கறிந்த நோய் கரிப்பூட்டை. அதன் வகைகளுள் தானியக் கரிப்பூட்டையின் வித்துகள் விதையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு செல்வன. ஆகவே சோளம் சென்ற கண்டங்களுக்கெல்லாம், அமெரிக்கா உட்பட, அதுவும் சென்றது. விதைக்குக் கந்தகத்தூள் கலந்தால் அது அடங்கும். நீள் கரிப்பூட்டையின் இயல்பு வேறு. காற்றில் வரும் வித்துகள், கதிரைப் பொதிந்திருக்கும் இலையுறைக்குள் தேங்கும் நீரில் இறங்கித் தனித்தனிப் பூக்களைப் பற்றுகின்றன. விதை நேர்த்தி இங்குப் பயன்படாது. இப்பூஞ்சாணத்தை 1877இல் ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் கியூன் விவரித்தார்; அதன் சிற்றினப் பெயர், 1820–25 காலத்தில் எகிப்திலும் செங்கடற்கரைகளிலும் பயணம் செய்த ஏரன்பெர்க்கை நினைவூட்டுகிறது. ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா ஆகியவற்றின் வறண்ட பகுதிகளே அதன் இருப்பிடம். ஒன்று விதையோடு உலகைச் சுற்றியது. மற்றொன்று பழைய உலகின் வறள்நிலப் பட்டையில் தங்கிவிட்டது.

தேன் ஒழுகல் நோய்க்குக் கோயம்புத்தூரில் ஒரு தொடக்கம் உண்டு. சென்னை மாகாண அரசின் பூஞ்சையியலாளராகப் பணியாற்றிய வில்லியம் மக்ரே, 1917இல் இந்நோயின் பூஞ்சாணத்துக்கு முதன்முதலாக அறிவியற்பெயர் இட்டார். இக்குறிப்பு வெளிவந்தது வேளாண் ஆண்டு மலரொன்றில். அத்தகைய மலர்களை நம் துறை வரலாற்று ஆவணங்களாகப் படிப்பதில்லை. அது நமக்கே இழப்பு. ஆப்பிரிக்காவில் காணப்படுவது வேறொரு சிற்றினம் என்பது 1991இல்தான் தெளிவாயிற்று. அந்த ஆப்பிரிக்கச் சிற்றினமே 1995இல் பிரேசிலிலும், 1996இல் ஆஸ்திரேலியாவிலும், 1997இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் தோன்றியது. நூற்றாண்டுகள் கடல் தாண்டாதிருந்த ஒன்று இரண்டே ஆண்டுகளில் மூன்று நாடுகளை எட்டியது.

இந்த வேகத்துக்கும் ஒட்டுரக வேளாண்மைக்கும் தொடர்புண்டு. இப்பூஞ்சாணம் கருவுறாத சூலகத்தையே பற்றும். மகரந்தம் விரைந்து சேர்ந்தால் பூ தப்பிவிடும். ஒட்டுவிதை உற்பத்தி வயல்களிலோ ஆண்மலட்டுச் செடிகள் பிற வரிசைகளின் மகரந்தத்துக்காகக் காத்து நிற்கின்றன. இந்தியாவின் முதல் ஒட்டுச்சோளமான சி.எஸ்.எச்.1, 1964இல் வெளியிடப்பட்டது. அதன் தாய்வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் குறுகிய வயதின் காரணமாக, மழை ஓயுமுன்பே கதிர் முற்றியது. பழைய நாட்டு வகைகள் பகற்பொழுது குறைவதை உணர்ந்து பூத்து, மழை நின்றபின் முற்றியவை; அந்தக் காலக்கணக்கு முறிந்தது. நனைந்த மணிகளில் பியூசேரியம், கர்வுலேரியா முதலிய பூஞ்சாணங்கள் படிந்தன. கறுத்த மணியைச் சந்தை உணவாக ஏற்கவில்லை, அது கோழித்தீவனமாயிற்று. வெள்ளை மணிக்கே விலை என்ற நிலை இச்சேதத்தை மிகுத்தது. தென்மாவட்டக் கரிசலில் விளைந்த இருங்குச் சோளம் போன்ற கருநிற மணி வகைகளும் இதே காலத்தில் அருகின. பொதுவாக, துவர்ப்புப் பொருள் மிகுந்த அடர்நிற மணிகள் பூஞ்சாணத்தை வெண்மணிகளைவிட நன்கு எதிர்க்கின்றன. கோழிப்பண்ணை பெருகிய கணக்கில் இந்த இழப்பு வரவாகவே எழுதப்பட்டது, எழுதியவர் உழவரல்லர்.

இன்று விதை எதிர்த்திசையில் கடல் கடக்கிறது. துபாயில் 1999இல் நிறுவப்பட்ட பன்னாட்டு உவர்நில வேளாண்மை மையம், ஹைதராபாத்தை அடுத்த பதஞ்செருவில் 1972 முதல் இயங்கும் இக்ரிசாட் நிறுவனத்தின் சோள வகைகளை உவர்நீரில் வளர்த்துச் சோதித்துள்ளது. வளைகுடாவின் வறண்ட காற்றில் மணிப்பூஞ்சாணத்துக்கு வாய்ப்புக் குறைவு. அங்குச் சோளம் பெரும்பாலும் மணிக்காக அன்றித் தீவனத்துக்காகவே அறுக்கப்படுகிறது. அதே வகைகள் ஐப்பசி மழைக்கு உட்பட்ட தமிழக வயலுக்குத் திரும்புமாயின், உவர் தாங்கும் திறனோடு அவற்றின் பூக்கும் காலமும் மணியின் நிறமும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.