விலை சொல்லும் கை

ஒரு வீட்டின் விலையைச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? அமெரிக்காவில் அந்தக் கை நெடுங்காலம் வெள்ளை ஆணின் கை. 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் சிவப்பாயின. சிவப்பு என்றால் ஆபத்து. வீடு வாங்கக் கடன் கேட்ட தம்பதியரிடம் மனைவியின் சம்பளத்தைப் பாதியாகவும் பூஜ்யமாகவும் எண்ணிய வங்கிகள் உண்டு. 1974இல்தான் சட்டம் அதைத் தடுத்தது.

1980களில் சேமிப்பு-கடன் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் சரிந்தன. ஊதிப்பெருக்கிய சொத்து மதிப்பீடுகளும் அதற்கொரு காரணம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர்களுக்கு மாநில உரிமமும் சான்றிதழும் வந்தன.

உரிமம் என்றால் பொதுக்கதவு என்றுதான் நினைத்தேன். வகுப்பில் யாரும் சேரலாம். ஆனால் தொடக்கநிலை உரிமத்துக்கே 1000 மணிநேர அனுபவம் வேண்டும். வழக்கமான வழியில் அதைச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் கீழ்தான் சேர்க்க முடியும். அவரோ யாரையும் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர். மகனைச் சேர்ப்பார், நண்பரின் மகனைச் சேர்ப்பார். முன்பின் தெரியாத பெண் எந்த வாசலில் நிற்பாள்?

நெறியாளரின் கையெழுத்துக்காக ஆய்வேட்டோடு துறை வராந்தாவில் நின்றவள் நான். அந்த வாசல் எனக்குத் தெரியும்.

2021 முதல் மேற்பார்வையாளரைத் தேடி அலையாமல், கணினிவழிப் பாவனைப் பயிற்சியிலும் அனுபவம் பெற வழி பிறந்திருக்கிறது. சட்டம் தகுதியை எழுதிவைத்தால் போதாது, தோழியரே. அந்தத் தகுதியை அடையும் வழி யாருடைய தயவில் இருக்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.